யாத்விகாவின் பாவங்கள்

சர்க்கரை திருடினேன். சித்தியை எதிர்த்துப் பேசினேன். பூசை நேரத்தில் கொட்டாவி விட்டேன். சர்க்கரை, சித்தி, கொட்டாவி. இந்த மூன்றையும் ப்ரோனியா சித்திதான் பொறுக்கிக் கொடுத்தாள், சந்தையில் முட்டையைக் காதருகே ஆட்டிப் பார்த்து வாங்குவதுபோல. பெரிய பாவம் வேண்டாம், சாமியார் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். பாவமே செய்யவில்லை என்றும் சொல்லக்கூடாது, அதைவிடப் பெரிய சந்தேகம் வேறில்லை. "கேட்டா அவருக்குத் தூக்கம் வரணும்டி. அப்பத்தான் மேல நோண்ட மாட்டாரு," என்றாள். மூன்றில் ஒன்றைக்கூட நான் செய்ததில்லை. சித்தி வீட்டில் சர்க்கரையே கிடையாது. ஜெர்மன்காரன் வந்த பிறகு போலந்தில் எந்தக் கிராமத்தில் யார் வீட்டில் சர்க்கரை இருக்கிறது? இல்லாத சர்க்கரையைத் திருடிய முதல் திருடி நான்தான். சித்தியை எதிர்த்துப் பேசுவதா, அவள் சோற்றைத் தின்றுகொண்டு, அவள் கூரையின் கீழே ஒளிந்துகொண்டு? மனசுக்குள் பேசியிருக்கிறேன், தினமும் பேசுகிறேன், அது கணக்கில் சேருமா என்று கேட்க ஆளில்லை. கொட்டாவியா? மாதா கோவில் படியில் கால் வைத்தாலே என் உடம்பில் ஒரு நரம்புகூடத் தூங்காது. எந்தக் கை முதலில் நெற்றிக்குப் போக வேண்டும், எப்போது முழங்கால் போட வேண்டும், எப்போது எழ வேண்டும், வாசலில் தீர்த்தம் தொட்டேனா, தொட்டேன், கதவு நிலையைத் தொடவில்லையே, தொடவில்லை. எங்கள் வீட்டு வாசல் நிலையில் வேத வசனம் வைத்த ஒரு சின்னக் குழல் ஆணியடித்திருக்கும், போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டு விரலை முத்தமிட வேண்டும், நடக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து தொட்ட கை இது. இந்தக் கைக்கு மறதியைக் கற்றுக்கொடுக்க ஒரு குளிர்காலம் முழுக்க ஆயிற்று. ஒவ்வொரு கதவிலும் அது தானாகத் தூக்கிக்கொண்டு போகும், சித்தி கரண்டியால் ஒரு போடு போடுவாள்.

வரிசை நகர்கிறது. சனிக்கிழமை மத்தியானம். நாளைக்கு ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் புதுநன்மை, முதல் முறையாக நற்கருணை வாங்கப் போகிறார்கள், அதற்காக இன்று பாவசங்கீர்த்தனம். எல்லோரும் சுவரோரமாக நின்று, ஒவ்வொருவராக அந்த மரக்கூண்டுக்குப் போய் முழங்காலிட்டு, உள்ளே உட்கார்ந்திருக்கும் பங்குச் சாமியாரிடம் தங்கள் பாவத்தைச் சொல்லிவிட்டு, பல் பிடுங்கிக்கொண்டு வந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வருகிறார்கள். எங்களுக்கு இன்று ஓய்வுநாள். சனிக்கிழமை அப்பா ஊசியைத் தொடமாட்டார், அம்மா அடுப்பைத் தொடமாட்டாள், நான் பாட்டுக்குத் தெருவில் திரிவேன். எங்களுக்கு என்று நினைத்துவிட்டேன். எங்களுக்கு இல்லை. நான் யாத்விகா. பொஸ்னான் பக்கத்திலிருந்து வந்தவள், அப்பா அம்மா குண்டுவீச்சில் செத்துப்போனார்கள், ப்ரோனியா என் அம்மாவின் தங்கை. உண்மையிலேயே ஒரு யாத்விகா இருந்தாள். சித்தியின் அக்கா மகள். தொண்டை அடைப்பான் வந்து என் வயதில் செத்துப்போனாள், அது இந்த ஊருக்குத் தெரியாது. அவள் பெயரை, பிறந்தநாளை, அவள் ஞானஸ்நானத்தைக்கூட நான் உடுத்திக்கொண்டிருக்கிறேன். செத்தவளின் பெயரை உயிரோடு இருப்பவளுக்கு வைத்து, உயிரோடு இருப்பவளின் பெயரைப் புதைத்துவிட்டார்கள். ஃப்ரூமா. வாயைத் திறக்காமல், உதடு அசையாமல் சொல்லிப் பார்க்கிறேன். ஃப்ரூமா, தொப்பி தைக்கிற மெண்டலின் மகள். போதும். முகத்தில் தெரிந்துவிடப் போகிறது.

"உன்கிட்ட எத்தனை பாவம் இருக்கு? என்கிட்ட பதினொண்ணு," என்று எனக்கு முன்னால் நிற்கும் லுட்கா திரும்பிக் கிசுகிசுக்கிறாள். மாவுமில்காரர் மகள். பாவத்திலும் பணக்காரி. "மூணு," என்றேன். "அவ்ளோதானா? மறைக்காதேடி. மறைச்சா நாக்கு கருகிடும். அதோட நற்கருணை வாங்கினா அது சாவான பாவம், நேரா நரகம்தான்." சொல்லிவிட்டு ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பினாள், அவள் பூட்ஸ் என் கால்விரல் மேல் ஏறி இறங்கியது. உயிர் போகிற வலி. மன்னிப்பும் கேட்கவில்லை, கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை. என் நாக்கு கருகட்டும். நரகம் இருந்தால் அது எப்படியிருக்கும் என்று லுட்காவுக்கு நான் சொல்லித்தர முடியும். முதல் வருடம் சித்தி என்னை வீட்டுக்குள் உருளைக்கிழங்குக் குழியில்தான் வைத்திருந்தாள், மேலே பலகை, பலகைக்கு மேலே சலவைத் தொட்டி. அழுக்குத் துணி ஊறும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக என் கழுத்தில் விழும். மேலே யாராவது வந்து உட்கார்ந்து கதை பேசினால் நான் மூச்சைக்கூடப் பல்லுக்கு நடுவில் வைத்துத்தான் விடுவேன். லுட்காவின் அம்மாதான் அதிகம் வருவாள். எழுந்திருக்கவே மாட்டாள். ஊரில் யார் வீட்டு ஆடு குட்டி போட்டது, யார் மருமகள் ஓடிப்போனாள் என்று அவள் சொன்ன ஊர்க்கதை எல்லாம் எனக்குத் தெரியும், மூத்திரத்தை அடக்கிக்கொண்டு கேட்ட கதைகள். ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள், "நகரத்துல அந்த யூதத் தெரு முழுக்கக் காலி பண்ணிட்டாங்களாம் ப்ரோனியா, ரயில் ரயிலா. கதவெல்லாம் தொறந்து கெடக்காம். எங்க வீட்டுக்காரரு வண்டி கட்டிக்கிட்டுப் போயிருக்காரு." அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. என் அப்பா, என் அம்மா, என் தம்பி ஹெர்ஷல் போன சேதி எனக்கு ஊர்வம்போடு வம்பாக, ஆட்டுக்குட்டிக்கும் ஓடிப்போன மருமகளுக்கும் நடுவில் வந்தது. அழக்கூட முடியவில்லை. அழுதால் சத்தம் கேட்கும்.

சித்தி அதோ பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். செபமாலை உருட்டுகிறாள், ஆனால் செபம் ஓடவில்லை, ஒரே மணியை வெகுநேரமாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள், கண் என் மேல். பயம் அவளுக்கு. எனக்கும்தான். போன மாதம் ஆற்றுக்கு அக்கரை ஊரில் ஒரு குடியானவன் வைக்கோல் பரணில் இரண்டு பேரை ஒளித்து வைத்திருந்தான், யாரோ போய்ச் சொன்னார்கள். ஜெர்மன்காரன் வந்து பரணில் இருந்தவர்களைச் சுட்டான், பிறகு குடியானவனை, அவன் பெண்டாட்டியை, தொட்டில் பிள்ளையைச் சுட்டான், வீட்டைக் கொளுத்தினான். ஊரே வேடிக்கை பார்க்கப் போனது. சித்தியும் போனாள். "போகலைன்னா ஏன் வரலைன்னு கேப்பாங்க," என்று சால்வையைப் போர்த்திக்கொண்டு போனவள் திரும்பி வந்து, சாப்பிடாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஆக என் வாயில் இருப்பது என் நாக்கு மட்டுமில்லை, சித்தியின் உயிரும்தான். இன்று அந்தக் கூண்டில் ஒரு வார்த்தை தவறி விழுந்தால் இரண்டு பேரும் சாம்பல். இது எனக்குத் தெரியும், நன்றாகவே தெரியும். தெரிந்தும் உள்ளே கோபம் கொதிக்கிறது, சித்தி மேலும் கொதிக்கிறது, அவள்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்று அதன்மேல் இன்னொரு கோபம். அவள் ஏன் என்னை எடுத்துக்கொண்டாள்? கேட்டிருக்கிறேன். "எனக்கென்னடி தெரியும், கழுதை. உங்கம்மா கொடுத்தா, வாங்கிக்கிட்டேன்," என்றாள். உறவா என்ன, எங்கள் வீட்டுத் துணி வெளுத்தவள். எங்கள் தெருவைச் சுற்றி அடைத்திருந்த பலகை வேலியின் சந்து வழியாக அம்மா என்னைத் தள்ளினாள், வெளியே சித்தி அழுக்குத் துணி வண்டியோடு நின்றாள். அம்மா என் தலையைப் பிடித்து அழுத்தினாள், தோள் சிராய்த்து ரத்தம் வந்தது. "திரும்பிப் பாக்காதே," என்றாள். நானும் நல்ல பிள்ளையாகத் திரும்பிப் பார்க்கவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எதற்கு அப்படிச் சொன்னாள்? ஒரு முறை பார்த்தால் என்ன குடி முழுகியிருக்கும்? இப்போது அவள் முகத்தை நினைக்கப் போனால் வேலிப் பலகைதான் தெரிகிறது.

எனக்கு நாளைக்கு வெள்ளைச் சட்டை. சித்தி தைத்து முடித்து ஆணியில் மாட்டியிருக்கிறாள். துணி சந்தையில் வாங்கியது. இந்த வருடம் சந்தையில் வெள்ளைத் துணிக்குப் பஞ்சமே இல்லை, குவித்துப் போட்டு விற்கிறார்கள், படுக்கை விரிப்பு, தலையணை உறை, மேசை விரிப்பு. எல்லாம் கதவு திறந்து கிடந்த வீடுகளிலிருந்து வந்தவை. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம். சித்தி வாங்கி வந்ததைப் பிரித்துப் போட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது வெள்ளிக்கிழமை ராத்திரி மேசை விரிப்பு. நடுவில் ஒயின் கறை, மெழுகுவர்த்தி வைக்கும் இடத்தில் மெழுகு. எங்கள் வீட்டுடையது இல்லை, எங்களுடையதில் ஓரத்தில் நீலப் பூ இருக்கும். யார் வீட்டுடையதோ. சித்தி சாம்பல் போட்டு வேகவைத்தாள், வெயிலில் காயப்போட்டாள், சலவைக்காரி கைக்கே அந்தக் கறை முழுதாகப் போகவில்லை. கடைசியில் கறை படிந்த இடம் கைக்கு அடியில் வருகிற மாதிரி வெட்டித் தைத்தாள். "கையத் தூக்காம இருடி," என்றாள். நாளைக்கு இந்தக் கோவில் முழுக்க வெள்ளை வெளேரென்று பெண்பிள்ளைகள் நிற்பார்கள், லுட்கா சரிகை வைத்த சட்டையில் நிற்பாள், அவள் அப்பா வண்டி கட்டிக்கொண்டு போனவர் ஆயிற்றே. பரிசுத்தம் என்பார்கள். பனி மாதிரி என்பார்கள். யாருடைய மேசை விரிப்பை யார் உடுத்தி நிற்கிறார்கள் என்று எனக்கு மட்டும் தெரியும், நானும் அதில் ஒருத்தியாகக் கையைத் தூக்காமல் நிற்பேன்.

வரிசை நகர்கிறது. அழாதே. உள்ளே போய் என்ன சொல்ல வேண்டும்? சர்க்கரை, சித்தி, கொட்டாவி. கேள்வி கேட்டால் வாயைத் திறக்காதே. தவளை தன் வாயால் கெடும் என்று சித்தி காலையிலிருந்து எத்தனை முறை சொல்லிவிட்டாள். ஏற்கெனவே ஒருமுறை கெட்டதுதான். தவக்காலத்தில், ஞானோபதேச வகுப்பில். சாமியார் எல்லாரையும் பார்த்துக் கேட்டார், "நீ லுட்காவோட ஆப்பிளைத் திருடிட்டே. அப்புறம் மனசு உறுத்துது. மன்னிப்புக் கேக்க எங்க போவே?" எனக்கு விடை தெரியும் என்ற சந்தோஷத்தில் எழுந்து நின்று சொன்னேன், "லுட்கா வீட்டுக்கு." எல்லோரும் சிரித்தார்கள். கோவிலுக்கு என்று சொல்ல வேண்டும், பாவசங்கீர்த்தனத்துக்கு என்று சொல்ல வேண்டும். ஒரு கிறிஸ்தவப் பிள்ளை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்லும். சாமியார் மட்டும் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார், "உட்காரு," என்றார். லுட்காவின் அம்மா அதை ஒரு வேடிக்கையாகச் சித்தியிடம் வந்து சொன்னாள். அவள் போன பிறகு சித்தி என்னை ஓங்கி ஓர் அறை அறைந்தாள். "எங்க போவே? சொல்லுடி. மன்னிப்புக்கு எங்க போவே?" "சாமியார்கிட்ட." "யார் வீட்டுக்கும் போவியா?" "மாட்டேன்." பிறகு ஈரத்துணியை மடித்து என் கன்னத்தில் வைத்தாள்.

ஆனால் அப்பா வீடு வீடாகப் போவார். எங்கள் பெரிய நோன்புக்கு முந்தின நாள் கடையைச் சாத்திவிட்டு, குளித்து, தொப்பியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிளம்புவார். கசாப்புக்கடைக்காரர் வீட்டுக்குப் போவார், எதிர்வீட்டு அத்தைக்காரியிடம் போவார், கூலி வாங்கிக்கொண்டு ஏமாற்றின வண்டிக்காரனிடம்கூடப் போவார். இந்த வருஷம் உன் மனசு நோக ஏதாவது பேசியிருந்தா மன்னிச்சிடுப்பா. அவர்கள் முகம் கொடுக்காவிட்டால் திரும்பவும் போவார். கடவுளுக்குச் செய்த தப்பைக் கடவுள் மன்னிப்பார், மனுஷனுக்குச் செய்ததை அந்த மனுஷன்தான் மன்னிக்க வேண்டும், அதில் கடவுளுக்கே அதிகாரம் கிடையாது என்பார். ஒருமுறை என்னிடமும் கேட்டார். குனிந்து, என் உயரத்துக்கு வந்து, பெரிய மனுஷியிடம் கேட்பதுபோல. எனக்குச் சிரிப்பாக வந்தது, கௌரவமாகவும் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னேன், அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அத்தனை பேரிடமும் மன்னிப்புக் கேட்ட என் அப்பாவை ரயிலில் ஏற்றினார்கள். அவரிடம் யார் வந்து கேட்டார்கள்? கையில் துப்பாக்கி வைத்திருந்தவனை விடு, அவன் வரமாட்டான். வண்டி கட்டிக்கொண்டு போனவர்? ஆட்டுக்குட்டியோடு சேர்த்துச் சிரித்தவள்? அக்கரை ஊரில் போய்ச் சொன்னவன்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது சரிதான். பாவம் செய்தவர்கள் எல்லாம் பெஞ்சில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்கள், செய்யாத பாவத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டு நான் வரிசையில் நிற்கிறேன்.

அப்புறம் இந்தச் சாமியார். பெரிய வெள்ளிக்கிழமை நாங்கள் மூன்றாவது பெஞ்சில் இருந்தோம். பிரசங்க மேடையில் ஏறி நின்று, கர்த்தரைக் கொன்ற யூதர்கள் தங்கள் தலைமேல் தாங்களே பழியை வரவழைத்துக்கொண்டார்கள், இன்று அது வந்து விடிந்திருக்கிறது, அழாதீர்கள், இது நீதி என்றார். அழுத்தம் திருத்தமாக, கையால் மேடையைத் தட்டி. யாரும் அழுகிற மாதிரி எனக்குத் தெரியவில்லை, எதற்குத் தடுத்தார் என்றும் தெரியவில்லை. ஹெர்ஷலுக்கு மூன்று வயது. அவனுக்கு ஈயைக்கூட அடிக்கத் தெரியாது, கையைக் குவித்துப் பிடித்து வெளியே கொண்டுபோய் விடுவான். சித்தி பெஞ்சுக்கடியில் என் கையை இறுக்கிப் பிடித்தாள். நான் எல்லாரோடும் சேர்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டேன், என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே.

லுட்கா வெளியே வருகிறாள். பதினொன்றும் போய்விட்டது, காற்றில் பறக்கிற மாதிரி நடக்கிறாள். சித்தி பெஞ்சிலிருந்து பாதி எழுந்து உட்கார்கிறாள். என் முறை. கால் தானாகப் போகிறது. முழங்கால் பலகை குழி விழுந்திருக்கிறது, எத்தனை முழங்கால்களோ. முகத்துக்கு நேரே இரும்புக் கம்பி வலை, அதை மூடியிருந்த பலகை விலகுகிறது, அப்பால் காது, நரைத்த கிருதா, புகையிலை வாடை.

"சாமி, என்னை ஆசீர்வதியும், நான் பாவி." என் குரல்தான். "சர்க்கரை திருடினேன். சித்தியை எதிர்த்துப் பேசினேன். பூசை நேரத்துல கொட்டாவி விட்டேன்."

"வேற?"

"அவ்வளவுதான் சாமி."

இதோடு முடிய வேண்டும். இப்போது அபராதமாக இரண்டு செபம் சொல்லச் சொல்வார், கையைத் தூக்குவார், நான் எழுந்து போய்விடலாம். அவர் கையைத் தூக்கவில்லை. நாற்காலி கிறீச்சிட்டது. காது இருந்த இடத்தில் இப்போது முகம் இருக்கிறது.

"யார் மேலயாவது கோவம் இருக்கா மகளே?"

இந்தக் கேள்விக்குச் சித்தி விடை தரவில்லை. இல்லை சாமி என்று சொல்ல வேண்டும், எந்த முட்டாளுக்கும் தெரியும். இல்லை என்று சொல். சித்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள். சொல்.

"இருக்கு," என்றேன்.

"யார் மேல?"

என் தொண்டைக்குள் எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு வருகிறார்கள். வண்டி கட்டினவர், துப்பாக்கிக்காரன், திரும்பிப் பாக்காதே என்ற அம்மா, கையில் அதிகாரம் இல்லாத கடவுள். பல்லைக் கடித்து எல்லோரையும் உள்ளே தள்ளினேன்.

"லுட்கா மேல. வரிசையில என் காலை மிதிச்சா."

அவர் மூக்கால் சிரித்தார். "மன்னிச்சிடு. நீ மன்னிச்சாத்தான் ஆண்டவர் உன்னை மன்னிப்பார்."

"மன்னிச்சிட்டேன் சாமி." பொய்யில்லை. லுட்காவை மன்னித்துவிட்டேன், அவளுக்கு என்ன தெரியும், கால்தானே.

"மத்தவங்களை?"

மெதுவாகக் கேட்டார். அவ்வளவு மெதுவாக ஒரு சின்னப் பிள்ளையின் சர்க்கரைக்காக யாரும் கேட்கமாட்டார்கள். இவருக்குத் தெரியும். லுட்கா வீட்டுக்கு என்று சொன்ன அன்றே தெரிந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, அதனால்தான் நாங்கள் உயிரோடு இருக்கிறோம், அதற்கு நான் இவர் கையை முத்தமிட வேண்டும். ஆனால் தெரிந்துகொண்டுதானே பெரிய வெள்ளிக்கிழமை மேடையில் ஏறினார். மூன்றாவது பெஞ்சில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தே, என்னைப் பார்த்துக்கொண்டே, நீதி என்று மேடையைத் தட்டினார். சித்தியின் உயிர் என் வாயில் இருக்கிறது, பிடித்துக்கொள், பிடித்துக்கொள் என்று நினைக்கும்போதே வாய் திறந்துவிட்டது.

"அவங்க வந்து கேக்கட்டும்."

சொல்லியாயிற்று. வெளியே யாரோ இருமுகிறார்கள். அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது, மூக்கு அடைத்துக்கொண்ட கிழவரின் மூச்சு.

"இந்த வார்த்தையை இனிமே எங்கயும் சொல்லாதே," என்றார். "என்கிட்டயும் சொல்லாதே. நாளைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வந்து எல்லாரோடயும் நில்லு. புரியுதா?"

"புரியுது சாமி."

நான் எழுந்திருக்கவில்லை. காட்டிக்கொடுக்க மாட்டார், சித்தி பிழைத்தாள், எழுந்து போக வேண்டியதுதான். ஆனாலும் முழங்காலைப் பலகையில் அழுத்திக்கொண்டு அப்படியே இருந்தேன். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு சாண் தூரம்கூட இல்லை. அப்பா மாதிரி அவர் தெரு தாண்ட வேண்டாம், கதவைத் தட்ட வேண்டாம், குனியக்கூட வேண்டாம், வாயைத் திறந்தால் போதும். நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது, ஒருவேளை இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசிக்கிறேன் என்றிருப்பேன். அவர் உதடு அசைந்தது. கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கையைத் தூக்கி, லத்தீனில், அவசர அவசரமாக, என்னை மன்னித்தார். பிறகு பலகையை இழுத்து மூடிவிட்டு, கூண்டின் மறுபக்கம் காத்திருந்த பிள்ளையிடம் திரும்பிக்கொண்டார்.